சனிக்கிழமைதோறும் அழிந்த பாட்டு

அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“சுருதிப்பெட்டி எங்கம்மா இருக்கு?” என்றார் பாய்லர்காரர். “அப்படியே அந்த டேப்ரிக்கார்டரும்.”

ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவருக்குப் பின்னால் கடைவீதியில் பூட்டு சாவி ரிப்பேர் பார்ப்பவர். அவருக்கும் பின்னால், கழுத்தில் அளவு டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்த தையல்காரம்மா. என் அம்மாவையும் சேர்த்தால் நான்கு பேர். இருபத்தாறு வருடமாக ஒன்றாகப் பாடியவர்கள். பாட்டுக் குழு என்று சொன்னால் கோபம் வரும். அவர்களுக்கு அது ‘உட்கார்றது’. “இந்தச் சனிக்கிழம உட்காரணும்” என்பார்கள், ஏதோ மற்ற நாளெல்லாம் நின்றுகொண்டே இருப்பது போல.

மூன்று நாள் தூங்காத எரிச்சலில் இருந்தேன். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து இரண்டையும் இழுத்து வெளியே வைத்தேன்.

“எடுத்துட்டுப் போங்க. சும்மா எடத்த அடைச்சிட்டுக் கெடக்கு.”

தையல்காரம்மா சுருதிப்பெட்டியைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினார். பூட்டுக்காரர் டேப்ரிக்கார்டரைத் தோளில் வைத்துக்கொண்டார். பாய்லர்காரர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்து, “சனிக்கிழம மூணு மணிக்கு வந்துடு” என்றார். முழுதாக நான்கு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நான்கு நிமிடத்துக்காக அதன்பின் மூன்று நாள் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தார். சலவைக்கூடம் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மூன்று பெரிய துவைக்கும் டிரம், ஒரு பிழியும் இயந்திரம், கடைசியில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் நீராவி உருளை. அம்மாவுக்கு உருளையில் வேலை. ஈர விரிப்பின் இரண்டு முனையையும் விறைப்பாகப் பிடித்து உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒரு விரல்கடை கோணினால் மறுபக்கம் வெளியே வரும்போது ஒரு சாண் கோணியிருக்கும். அம்மா கொடுத்த விரிப்பு கோணாது. இரண்டு முன்கையிலும் உருளை சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. “இது எந்த வருஷம்மா?” என்று சின்ன வயதில் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்பேன். சொல்லுவார். அப்பா வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போன வருடத்துக்கும் அதில் ஒரு தழும்பு உண்டு.

பாய்லர் அறை பக்கத்துக் கதவு. பாய்லர்காரர் வேலை நேரத்தில் பாடுவார். சாமிப் பாட்டும் இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. அவருடைய அப்பாவிடமிருந்து வந்த பழைய பாட்டுகள். ‘கதவில்லா வீட்டுக்குச் சாவி எதுக்கு’ என்று ஒன்று. பின்னாளில் பூட்டுக்காரர் மேளத்தோடு வந்து சேர்ந்தபோது, “எம் பொழப்புல மண்ணப் போடறதுக்குன்னே ஒரு பாட்டா?” என்று கேட்டாராம்.

ஒரு நாள் அம்மா பாய்லர் அறைக் கதவைத் திறந்து, “அண்ணே, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க எறங்கிட்டே போறீங்க” என்றிருக்கிறார்.

“எங்க எறங்கறேன்?”

“அந்தக் காத்தாடி ஒரே எடத்துல நிக்குது பாருங்க. அதோட ஆரம்பிச்சீங்க. இப்ப எங்கயோ கெடக்கறீங்க.”

புகையை வெளியே தள்ளும் விசிறியைச் சொல்லியிருக்கிறார். அது நாள் முழுக்க ஒரே சுரத்தில் ஓடும். பாய்லர்காரர் மறுபடி பாடிப் பார்த்தார். இறங்கியது. அடுத்த வாரமே ஒரு பழைய சுருதிப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தார். துருத்தியை அழுத்தினால் ஒரே ஒரு சுரம் வரும் மரப்பெட்டி. அவ்வளவுதான் அம்மாவின் சங்கீதம். இருபத்தாறு வருடத்தில் அவர் அந்தக் குழுவில் ஒரு வரிகூடப் பாடியதில்லை. ஒற்றைச் சுரத்தை அழுத்திக்கொண்டே இருந்தார்.

“உனக்கு போர் அடிக்கலையா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உருள போர் அடிக்குதான்னு நீ என்னைக் கேட்டதே இல்லையே” என்றார்.

அவர்கள் உட்காருவது டயர் கடை மாடியில் ஓர் அறையில். வெளியே இரும்புப் படி. மேலே ஏறியதும் கை, கால், வாய் மூன்றையும் கழுவ வேண்டும். போனை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் போட வேண்டும். உள்ளே நான்கு குட்டை முக்காலிகள். முதுகோடு முதுகு படும்படி, நான்கு திசையைப் பார்த்து உட்கார வேண்டும். யார் முகமும் யாருக்கும் தெரியக்கூடாது. “மொகத்தப் பாத்தா நடிப்பு வந்துடும்” என்பது பாய்லர்காரர் வாதம். கைதட்டக்கூடாது. நடுவில் பேசக்கூடாது. பேசினால் அன்றைய உட்காரல் கெட்டுப்போனதாகக் கணக்கு.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் உயிரை வாங்கியது கேசட்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பாடுவதை அரை மணி நேரம் கேசட்டில் பதிவார்கள். அடுத்த சனிக்கிழமை, பாட ஆரம்பிக்கும் முன், நால்வரும் சேர்ந்து அதை ஒரே ஒரு முறை கேட்பார்கள். பிறகு ரிவைண்ட் செய்து, அதே கேசட்டில், அதன் மேலேயே புதிதாகப் பதிவார்கள். போன வாரப் பாட்டு போயிற்று. கேசட் தேய்ந்தால் புதிது வாங்குவார்கள், பழையதை நாடாவை உருவிக் குப்பையில் போடுவார்கள். இருபத்தாறு வருடம். ஒரு நாள் பாட்டுகூட மிச்சமில்லை.

அந்த டேப்ரிக்கார்டரைப் பழுது பார்த்ததெல்லாம் நான். நான் லிஃப்ட் பரிசோதகர். கயிறு, பிரேக், கதவு சென்சார் எல்லாம் பார்த்து, ஓடலாம் அல்லது ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. டேப்ரிக்கார்டரில் பெல்ட் அறுந்தால் புதுப் பெல்ட், நாடா உரசும் ஹெட்டில் அழுக்கு சேர்ந்தால் ஸ்பிரிட். வருடத்துக்கு இரண்டு முறையாவது அம்மா அதை என் மேஜையில் கொண்டுவந்து வைப்பார்.

“அழிக்கறதுக்கு எதுக்கும்மா பதியறீங்க?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

“விடறதுக்குக் கையில ஒண்ணு இருக்கணும்ல?”

“இது என்ன பதில்?”

“ஸ்க்ரூவ முடுக்கு.”

நான் பொறியியல் பட்டம் வாங்கிய விழா ஒரு சனிக்கிழமை. அம்மா வரவில்லை. மாலையில் வந்து, கழற்றிப் போட்டிருந்த அந்தக் கறுப்பு அங்கியை வாங்கித் தானே ஒருமுறை தேய்த்து மடித்துக் கொடுத்தார். அதற்கு நான் ஒரு மாதம் பேசவில்லை. அந்த ஒரு மாதமும், பேசவில்லை என்பதையே கவனிக்காதது போல இருந்தார்.

நுரையீரல் கெட்டுப்போனது போன வருடம். கடைசியாக அவர் போன உட்காரலுக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். இரும்புப் படி பதினாறு. நான்கு இடத்தில் நின்று நின்று ஏறினார். “தேவையாம்மா இது?” என்றதற்கு, மூச்சு வாங்கியபடி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அதன்பின் மூன்று சனிக்கிழமை அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மூவரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக உட்காரவில்லை.

வியாழக்கிழமை மதியம், அம்மா குரல் வேண்டும் என்று போனை எடுத்தேன். காரணம் ஒன்றுமில்லை. வேண்டும் போல இருந்தது.

இல்லை. அம்மா அனுப்பியவை நானூற்றுச் சொச்சம் செய்திகள். எல்லாம் எழுத்து. “சாப்டியா.” “சரி.” “ம்.” “மழ வருது.” குரல் செய்தி ஒன்றுகூடக் கிடையாது, அதில் பேசினால் கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கிறது என்பார். வீடியோ ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. அதில் அம்மாவின் பின்னந்தலை ஆறு வினாடி வருகிறது. பேசவில்லை. என் அலுவலகத்தில் கேட்டேன், ஆஸ்பத்திரியில் கேட்டேன், அம்மாவின் தம்பியிடம் கேட்டேன். அறுபத்தொரு வருடம் வாழ்ந்த ஒரு மனுஷியின் குரல் எங்கேயும் பதிவாகவில்லை.

அப்போதுதான் உறைத்தது. கடைசி உட்காரல் அந்த டேப்ரிக்கார்டருக்குள் இருக்கிறது. அம்மா பேசியிருக்க மாட்டார். ஆனாலும் பட்டனை அமுக்குவது எப்போதும் அவர்தான். ஒரு செருமல், ஒரு மூச்சு, ஏதாவது இருக்கும். சனிக்கிழமை மூன்று மணிக்கு அதன் மேல் வேறு பாட்டு ஏறிவிடும். எடுத்துட்டுப் போங்க என்று தூக்கிக் கொடுத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை காலை பூட்டுக்கடைக்குப் போனேன். ஒரு பெட்டிக்கடை அளவு இடம், சுவர் முழுக்க வெற்றுச் சாவிகள். பூட்டுக்காரர் ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார். பாய்லர்காரரும் தையல்காரம்மாவும் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, அந்தக் கேசட்ட ஒரு மணி நேரம் குடுங்க. காப்பி பண்ணிட்டுத் தர்றேன்.”

பூட்டுக்காரர் அரத்தை நிறுத்தினார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தனியாக் கேக்கக்கூடாதும்மா” என்றார் பாய்லர்காரர். “நாளைக்கு வா. எல்லாரும் சேந்து கேக்கலாம்.”

“கேட்டுட்டு?”

“கேட்டுட்டு உட்காருவோம்.”

“அது மேலயே பதிவீங்க.”

“ஆமா.”

“மாமா, அவங்க செத்துட்டாங்க.”

“எங்களுக்கும் தெரியும்மா” என்றார் மெதுவாக.

“மாடிச் சாவி யார்கிட்ட இருக்கு?”

“எங்கிட்ட இல்ல” என்றார் பூட்டுக்காரர். ஐந்நூறு சாவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. என்னென்னவோ சொன்னேன். மூன்று கிழங்கள் ஒரு ஓட்டை மெஷினை வைத்துக்கொண்டு கடவுளோடு பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன். என் அம்மாவின் சனிக்கிழமைகளை எல்லாம் தின்றீர்கள், கடைசி ஒன்றையாவது எனக்குக் கொடுங்கள் என்றேன். தையல்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

“கத்து. நல்லாக் கத்து. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. அவ இருந்திருந்தா அவளே பட்டன அமுக்கியிருப்பா. என் புருஷன் செத்த வாரம் அவன் இருமல் கேசட்டுல இருந்துச்சு, அதுக்கு முந்தின சனிக்கிழம வாசப்படியில உக்காந்து கேட்டப்ப இருமினது. வேணாண்டின்னு அழுதேன். அமுக்கினது யாரு? உங்கம்மா.”

அம்மா அப்படித்தான் செய்திருப்பார் என்று எனக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரும்புப் படி ஏறினேன். கீழே கம்ப்ரஸர் இரைந்துகொண்டிருந்தது. கை கழுவினேன், கால் கழுவினேன், வாய் கொப்பளித்தேன். போனைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தேன். பூட்டுக்காரர் பக்கெட்டை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“போடு.”

“நான் பாட வரல. கேக்கத்தான் வந்திருக்கேன்.”

“காதுலயா கேக்கப்போற, போன்லயா? போடு.”

போட்டேன்.

நான்காவது முக்காலியில் சுருதிப்பெட்டி இருந்தது. “எடுத்து மடியில வெச்சுக்கோ” என்றார் பாய்லர்காரர். எனக்குச் சுருதியும் தெரியாது, ஒன்றும் தெரியாது என்றேன். “காத்துதானே? அழுத்து. லிஃப்ட்டு ஏத்தறவ இத ஏத்த மாட்டியா?” என்றார். உட்கார்ந்தேன். மூன்று முதுகுகள் என் முதுகில் பட்டன. எனக்கு நேரே சுவர், அதில் ஒரு ஆணி. இருபத்தாறு வருடம் அம்மா பார்த்தது இந்த ஆணியைத்தான் போலிருக்கிறது.

பாய்லர்காரர் கேசட்டை ஓடவிட்டார்.

முதலில் ஒரு செருமல். பிறகு முக்காலி நகரும் சத்தம். பிறகு அந்த ஒற்றைச் சுரம். அதன் மேல் பாய்லர்காரர், தையல்காரம்மா, பூட்டுக்காரரின் மேளம். துருத்தி திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ‘க்ளக்’. அந்தக் ‘க்ளக்’கின் இடைவெளியை எண்ணிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய, என் புத்தி அப்படி. ஐந்து வினாடிக்கு ஒன்று. பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குப் பின் நான்கு ஆனது. பிறகு மூன்று. பிறகு சுரம் நின்றது.

அம்மா இருமினார். நீளமாக. மற்றவர்கள் நிறுத்தவில்லை, நிறுத்தக்கூடாதே. பிடிமானம் இல்லாமல் பாட்டு இறங்கிக்கொண்டே போனது. எனக்கே தெரிந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் இறங்கியது. பிறகு பெட்டி மறுபடி ஒலித்தது, ஆரம்பித்த அதே இடத்தில். பாட்டு அங்கே இல்லை. காது கூசியது.

“எங்க போயிட்டீங்க எல்லாரும்?” என்றது அம்மாவின் குரல். கரகரத்து, பாதி மூச்சில், பாதிச் சிரிப்பில். “வாங்க, வாங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

பாட்டு திரும்பி வந்து சேர்ந்துகொண்டது. கேசட் முடியும்வரை தையல்காரம்மாவின் முதுகு குலுங்குவது என் தோளில் தெரிந்தது.

பட்டன் ‘டக்’ என்று எழும்பியது. பாய்லர்காரர் ரிவைண்ட் செய்தார். சத்தம் நின்றது.

“நீயே அமுக்கும்மா” என்றார் பூட்டுக்காரர், சுவரைப் பார்த்தபடி. “அது அவ வேல. பதியறதுக்கு எந்தப் பட்டன்னுகூட எங்களுக்குத் தெரியாது.”

முக்காலியைத் திருப்பி மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு பட்டன், சேர்த்து அமுக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் சுத்தமாக இருந்தது. நான் துடைத்தது.

“ஹெட் போயிடுச்சு” என்றேன். “பாடும். பதியாது.”

பதினோரு வருடத்தில் நான் ஒரு பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காக இரண்டு முறை வேலை மாற்றம் வாங்கியிருக்கிறேன்.

“போன மாசம் பதிஞ்சுதே?” என்றார் தையல்காரம்மா.

“அதான் கடைசி. தேஞ்சு போச்சு. இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வர்றதில்ல.”

பாய்லர்காரர் எழுந்து வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே குந்தினார். நாற்பது வருடம் அழுத்தமானியும் வால்வும் பார்த்த மனிதர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உள்ளே குனிந்து பார்த்தார். விரலால் பெல்ட்டைத் தொட்டார். ஹெட்டைத் தொட்டார். விரல் நுனியைத் திருப்பி, அழுக்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். ஒட்டவில்லை. என்னைப் பார்க்காமல் மூடியை எடுத்து மேலே வைத்தார்.

“ஆமா” என்றார். “போயிடுச்சு.”

“அப்ப என்ன பண்றது?” என்றார் பூட்டுக்காரர்.

“பதியாம உட்கார வேண்டியதுதான். சுருதியப் போடு.”

போட்டேன். மோசமாகப் போட்டேன். துருத்தியைத் திருப்பும்போதெல்லாம் சுரம் விக்கியது. பூட்டுக்காரர் முதுகாலேயே என்னை ஒரு இடி இடித்தார். பேசக்கூடாது என்பதால் திருப்பி ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியவில்லை. அரை மணி நேரத்தில் இரண்டு தோளும் கழன்றுவிட்டன.

முடிந்ததும் தையல்காரம்மாவும் பூட்டுக்காரரும் முன்னால் இறங்கிப் போனார்கள். பக்கெட்டிலிருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தேன். பாய்லர்காரர் கேசட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதன் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் எந்த மெஷினிலும் அதன் மேல் பதிய முடியாது. என் ஸ்க்ரூடிரைவரை வாங்கி, ஒன்று, இரண்டு என்று இரண்டையும் நெம்பி உடைத்தார். துணுக்குகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கேசட்டை என் கையில் வைத்தார்.

“மெஷின்தான் கெட்டுப்போச்சே மாமா. எதுக்கு ஒடைக்கறீங்க?”

“மெஷின் கெட்டுப்போச்சு. நீ சொன்னா சரி. ஆனா நீ ரிப்பேர்க்காரி. திடீர்னு ஒரு நாள் யோக்கியம் பொத்துக்கிட்டு வந்து, சரி பண்ணிக் கொண்டுவந்து வெச்சிடுவே. அப்ப அவங்க ரெண்டு பேரும் அமுக்குன்னுவாங்க. நானும் அமுக்குன்னுதான் சொல்லணும்.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

“அடுத்த சனிக்கிழம நேரத்துக்கு வந்துடு. இன்னிக்கு உன் சுருதி சகிக்கல.”

“நான் வர்றேன்னு யார் சொன்னா?”

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தார். காதிலேயே வாங்கவில்லை.